தண்ணி ஊத்தாதண்ணே

"ஒக்காருங்கப்பா, ஒக்காருங்க. மாப்ள, ஃபேனுக்கு நேரா நிக்காத, நீ நின்னா ஒரு வீட்டுக் காத்த நீ ஒருத்தனே வாங்கிக்கிற. கஸ்தூரி, ஒன் வீட்டு மாடித்தொட்டி ஒழுவுற கதைய நாளைக்கு வச்சுக்கலாம், கொஞ்சம் வாய மூடு. செம்பகம், அடுப்ப அணைச்சிட்டு வா. பேச்சு நின்னாத்தான் ஆபரேசன் ஆரம்பம்."

சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாச்சு, சம்மணம் போட்டு ஒக்காந்தாச்சு, இனிமே தொட்டியக் கவுக்குறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல. ஞாயித்துக்கெழம காலையில பதினோரு மணி, தரையில பேப்பர விரிச்சிருக்கேன், நடுவுல ஒரு சாண் மண்தொட்டி, அதுல வரிக் கத்தாழை. செத்துப்போன என் தம்பி தயாளன் வளத்தது. பக்கத்துல ஒரு ஸ்பூனு, பழைய பல்லு பிரஷ்ஷு, ஆணியச் சுட்டு அடியில மூணு ஓட்ட போட்ட தயிர் டப்பா. மண்தொட்டி பஸ்ஸுல ஒடைஞ்சிரும், அதனால இதுலேருந்து அதுக்கு மாத்திக் குடுக்கணும், அவ்ளோதான் வேலை, அஞ்சு நிமிசம். ஆனா என் கையி தொட்டி விளிம்பப் புடிச்சுக்கிட்டு அங்கேயே நிக்குது. தயாளன் மக நெறமதி வாசக்கதவுகிட்ட ஒக்காந்திருக்கா, துணிப்பை ஜிப்பு மேல ஒரு கைய வச்சுக்கிட்டு. ரெண்டு மணிக்கு ஓசூர் பஸ்ஸு. அங்க செல்போன் தயாரிக்கிற கம்பெனியில வேலை, ஆஸ்டல்ல ஒரு ரூமுக்கு எட்டுப் பொண்ணுங்க. "ரூம்ல ஜன்னல் இருக்காம்மா மதி"ன்னு கேட்டேன், "இல்ல பெரியப்பா"ன்னா. "அப்ப வெளிச்சம்"ன்னேன். "ட்யூப்லைட் இருக்கு பெரியப்பா." அதுக்கு மேல ஒரு வார்த்த வேணுமே, வராது. அப்பன் மாதிரியே, வார்த்தைய ரேசன்ல வாங்குற மாதிரி. ஒரு வருசமா எங்க வீட்டுல இருக்கா, இந்த ஒரு வருசத்துல அவளா வந்து என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு, போன வியாழக்கெழம, நான் ஷேவிங் பண்ணிக்கிட்டு இருக்கும்போது கண்ணாடிக்குள்ள வந்து நின்னுக்கிட்டு, "அப்பா செடிய நான் எடுத்துட்டுப் போறேன் பெரியப்பா." எடுத்துக்கம்மா, ஒன்னுதுதானன்னு சொன்னேன். சொல்லும்போதே கன்னத்துல வெட்டிக்கிட்டேன். ஏன்னா அந்தச் செடி மேல பாக்குறதுக்குத்தான் செடி, மண்ணுக்குக் கீழ என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். தெரியும்னு இல்ல, தெரியுமோன்னு பயம். அடி எலையெல்லாம் ஒரு மாசமா கண்ணாடி மாதிரி ஆயிட்டு வருது, தொட்டா கொழகொழங்குது, கிட்டப் போனா கொளத்தங்கர வாட. அப்பன்கிட்டேருந்து அவளுக்கு மிச்சமிருக்குறது இது ஒண்ணு. அத நான் அழுகிப்போவ வச்சுட்டேன். இப்ப இவ்ளோ பேரு முன்னாடி கவுக்கணும், அவ பாத்துக்கிட்டு இருக்கா.

"என்ன மச்சான், கத்தாழைக்கு மயக்க மருந்து குடுத்தாச்சா"ன்னு மாசிலாமணி கேக்குறான். என் தங்கச்சி கஸ்தூரி புருசன், வாய் மட்டும் தனியா சம்பளம் வாங்கும். நான் ஒடனே டாக்டர் கொரல எடுத்து, மூக்கு கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிட்டு, "பேஷண்டோட மாமா வெளிய வெயிட் பண்ணுங்க, கை கழுவாதவங்க யாரும் உள்ள வரக்கூடாது"ன்னேன். சிரிக்கிறாங்க. எனக்கு இது ஒண்ணு வரும். நாலாங்கிளாஸோட நான் பள்ளிக்கூடத்த விட்டேன், பள்ளிக்கூடம் என்னைய விடல, எட்டு வாத்தியாரு கொரலும் இன்னும் தொண்டையில இருக்கு. பொழப்பும் தொண்டையிலதான். ஆட்டோவுல மைக்க கட்டிக்கிட்டு திருச்சி பூரா சுத்துவேன், ஆடித் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், காணாமப்போன நாய்க்குட்டி, துக்கச் செய்தி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கொரலு. தள்ளுபடிக்குத் துள்ளணும், துக்கத்துக்கு எறங்கணும். தயாளன் செத்தன்னிக்கு நானேதான் மைக்கப் புடிச்சேன், வேற எவன விட்டு என் தம்பி பேரச் சொல்லச் சொல்றது. ரெண்டு தெரு போனப்புறம் டிரைவர் வண்டிய ஓரங்கட்டிட்டு, "அண்ணே, தள்ளுபடி ராகத்துல சொல்லிட்டு இருக்கீங்க"ன்னான். அன்னாரது இறுதி ஊர்வலம் இன்று மாலை, அது துள்ளிக்கிட்டுப் போயிருக்கு. எத்தன பேரு சன்னலத் தொறந்து எட்டிப் பாத்தாங்களோ. சரி, ஸ்பூன எடு. ஓரத்து மண்ண மொதல்ல தளத்தணும், பதறக்கூடாது, அப்படித்தான் அவன் செய்வான், ஓரமாவே சுத்தி வருவான், நடுவுக்குப் போவமாட்டான். மண்ணு ஈரமா இருக்கு. நாலு நாளா நான் ஊத்தல, சத்தியமா ஊத்தல, அப்புறம் எப்படி ஈரம்.

பாக்க ஒண்ணும் பெரிய அழகு கெடையாது. உள்ளங்கையில அடங்கும், கரும்பச்ச, தடிச்ச முள்ளு மாதிரி எல, குத்தாது, அதுமேல குறுக்கால வெள்ளக் கோடு, தூக்கக் கலக்கத்துல விபூதி பூசுன மாதிரி. தயாளன் வேலை பாத்த ஆபீஸ்ல ரெக்கார்டு ரூம்னு ஒண்ணு, சன்னலே இல்லாத ரூமு, பகல்லயும் ட்யூப்லைட்டு, அதுல இவன் அட்டெண்டரு, இருவத்தி ரெண்டு வருசம். மாத்தலாகிப் போன யாரோ ஒரு அம்மா வச்சிட்டுப் போனது. "நாலு மாசம் ஃபைலுக்குப் பின்னாடி யாரும் பாக்காம கெடந்துச்சுண்ணே, எடுத்துப் பாத்தா பச்சையாவே இருக்கு"ன்னான். அவன் வாழ்க்கையில பேசுன பெரிய வாக்கியம் அதுதான், அத சொல்லி முடிச்சதும் அவனுக்கே மூச்சு வாங்குச்சு. பொண்டாட்டி போனதுலேருந்து அவனும் அந்தப் பொண்ணும் அந்தச் செடியும் மூணு பேரா ஒரு வீடு, உள்ள போனா செவுத்துக் கடிகாரம் மட்டுந்தான் பேசிக்கிட்டு இருக்கும். நான் போனாத்தான் சத்தம். செடிய பாத்ரூம் போற வழியில வெண்டிலேட்டருக்குக் கீழ வச்சிருப்பான். "வெயில்ல வைடா பாவம்"னா, "வெயில்ல செவந்துரும்ணே, நெழல்லதான் இது நல்லாருக்கும்"பான். மூணு வாரத்துக்கு ஒருக்கா ஈர்க்குச்சிய மண்ணுல சொருவி, பத்து எண்ணி உருவுவான். குச்சியில மண்ணு ஒட்டுச்சுன்னா தண்ணி கெடையாது, மழைக்காலத்துல மாசக்கணக்குல கெடையாது. ஒட்டலன்னா இருமல் மருந்து மூடியில மூணு மூடி, ஓரமா, நடுக்குருத்துல ஒரு சொட்டு படக்கூடாது. நான் கேப்பேன், "ஏன்டா இப்படிப் பட்டினி போடுற, மாமியாக்காரி மருமவளுக்கு அளக்குற மாதிரி." சிரிக்க மாட்டான், ஒதடு மட்டும் ஒரு பக்கமா போவும். "எலையிலயே தண்ணி வச்சிருக்குண்ணே." அவ்ளோதான். மிச்சத்த நாமளே புரிஞ்சுக்கணும்.

"அடியில தட்டு மச்சான், கேக்கு கழட்டுற மாதிரி"ங்குறான் மாசிலாமணி. "நீ கேக்க எங்கடா கழட்டுன, தின்னுதான பழக்கம்." செம்பகம் என்னையவே பாக்குறா. அவளுக்குத் தெரியும், என் பொண்டாட்டியாச்சே, என் நாக்கு வேகமா ஓடுனா உள்ள என்னவோ நொண்டுதுன்னு தெரியும். மதி பாக்குறாளான்னு நான் பாக்கல. பாக்காமலே தெரியுது. சன்னமா அவ மூச்சு விடுற சத்தம், தயாளன் மூச்சு மாதிரியே, இழுத்துட்டு ஒரு நிமிசம் வச்சுக்கிட்டு அப்புறமா விடுற மூச்சு. ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான் இழுத்து வச்சுக்கிட்டுக் கெடந்தான். மத்தியானம் மூணரை. ரெண்டாவது அட்டாக்கு. கட்டிலச் சுத்திப் பச்சத் துணி, அந்தப் பக்கம் யாரோ ஒரு பாட்டி ஆரஞ்சு உரிக்கிற வாசன. மதிக்கு அன்னிக்குப் பரிச்ச, நாந்தான் சொல்ல வேண்டாம்னேன், பரிச்ச எழுதிட்டு வரட்டும், நாலு மணிக்கு வந்துரும், அதுக்குள்ள என்ன ஆயிரும்னேன். அதுக்குள்ளதான் ஆச்சு. மூஞ்சியில வச்சிருந்த மாஸ்க்க அவனே எடுத்தான். நான் குனிஞ்சேன். இவ்ளோ நாளு பேசாததையெல்லாம் இப்பப் பேசுவான், பொண்ணப் பத்தி, வீட்டப் பத்தி, செத்துப்போன பொண்டாட்டியப் பத்தி ஏதாச்சும் சொல்லுவான்னு காத அவன் வாய்கிட்ட கொண்டுபோனேன். "அண்ணே"ன்னான். "சொல்லுடா"ன்னேன். "செடிக்குத் தண்ணி ஊத்தாதண்ணே." அவ்ளோதான். மாஸ்க்க அவனே திரும்ப மாட்டிக்கிட்டான், சட்டப் பொத்தானப் போடுற மாதிரி. அப்புறம் பேசல. நாலே காலுக்கு மதி வந்தா. பரிச்ச அட்டையும் தண்ணி பாட்டிலும் கையில, நெத்தியில வேர்வ. அதுக்குள்ள முடிஞ்சிருச்சு. கட்டில் காலுகிட்ட நின்னா, ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா நான் உண்மையச் சொல்லியிருப்பேனோ என்னவோ. கேக்காம நின்னா பாருங்க, அந்த நிக்கிறத என்னால தாங்க முடியல, சும்மா இருக்குறதுன்னா எனக்கு எப்பவும் ஆவாது, ரெண்டு பேரு பேசாம இருந்தா மூணாவதா நான் பேசிருவேன். வாயத் தொறந்தேன், அவன் கொரலு வந்துச்சு. மூக்குல பாதி தொண்டையில பாதி, கடைசி எழுத்த முழுங்குற அந்தக் கொரலு. "மதியப் பாத்துக்கண்ணே. கடைசியா இதாம்மா சொன்னான்"னேன். கஸ்தூரி அப்படியே தரையில விழுந்து அழுதா. பச்சத் துணிக்கு அந்தாண்ட ஆரஞ்சு உரிச்ச பாட்டி அழுதுச்சு. நர்ஸு கண்ணத் தொடச்சுக்கிச்சு. மதி மட்டும் அழுவல. என்னைய ஒரு பார்வ பாத்தா, அப்புறம் அப்பன் காலுப் பக்கம் போர்வைய இழுத்து விட்டா.

ஒருக்கா சொன்னதோட விட்டிருக்கலாம். பதினாறுக்கு வந்தவங்க கேட்டாங்க, கடைசியா என்ன சொன்னாரு கொணசீலா, அந்தக் கொரல்ல சொல்லு, ஒரே ஒரு வாட்டி. சொன்னேன். தீவாளிக்குக் கேட்டாங்க. அடுத்த வீட்டுக் கல்யாணத்துல பந்தியில ஒக்கார வச்சுக் கேட்டாங்க, எலையில ரசம் ஓடிக்கிட்டு இருக்கு, நான் என் தம்பியாப் பேசுறேன், நாலு பேரு சோத்துல கண்ணீர் விடுறாங்க. ஒவ்வொரு வாட்டியும் கொஞ்சம் மெருகு ஏறிச்சு. "மதியப் பாத்துக்கண்ணே"ங்கிறதுக்கு முன்னாடி ஒரு இருமலு சேத்தேன். அப்புறம் "ஒன்ன நம்பித்தான்"னு ஒண்ணு. அவன் அப்படி ஒரு வார்த்த பேசுற ஆளே கெடையாது, ஆனா கேக்க நல்லா இருந்துச்சு. அப்புறம் ஒரு நாளு, சித்திரமாசம், ஆட்டோவுல போயிட்டிருக்கேன், சும்மா நெனைச்சுப் பாக்குறேன், தயாளன் நெசமா எப்படிப் பேசுவான். வருது கொரலு. ஆனா அது நான் பேசுற தயாளன். அந்த இருமலோட வருது. இன்னொண்ணத் தேடுறேன், சின்ன வயசுல கொளத்துல குளிக்கும்போது கூப்புட்டது, சைக்கிள்ல பின்னாடி ஒக்காந்து பாட்டு மொனவுனது, எதத் தொட்டாலும் நான் செஞ்ச கொரலுதான் எந்திரிச்சு வருது. என் கொரலு அவன் கொரலத் தின்னுட்டு அவன் சட்டையப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கு. அன்னிக்கு மைக்குல சேல விளம்பரம், ஒண்ணு வாங்குனா ஒண்ணு இலவசம், பாதியில டிரைவர் திரும்பிப் பாக்குறான். "அண்ணே, இப்ப வேற யாரோ பேசுனாப்ல இருந்துச்சு." நான் ஒண்ணும் மாத்திப் பேசலடான்னேன். நெசமாவே நான் மாத்தல. 

அன்னிக்கு வீட்டுக்கு வந்து பாத்ரூம் போற வழியில நிக்கிறேன், எங்க வீட்டுலயும் மதி அத அங்கதான் வச்சிருக்கா, மண்ணு காஞ்சு வெடிச்சுக் கெடக்கு, பாவமேன்னு சொம்புல தண்ணி மொண்டு சாய்க்கிறேன். பின்னாடியிலேருந்து வந்துச்சு. ஊத்தாதண்ணே. இருமலு இல்ல, மெருகு இல்ல, அவசரம் இல்ல. சட்டப் பொத்தானப் போடுற கொரலு. அவனேதான். திரும்பிப் பாத்தா தொவைக்கப் போட்ட லுங்கி தொங்குது. பயந்தேன். பயந்தவன் அடுத்த நாளு அந்தப் பக்கம் போவாம இருந்திருக்கணும்ல. போனேன். ஊத்துனேன். வந்துச்சு. அதுக்கடுத்த நாளும். இத நான் யாருகிட்டச் சொல்றது. தண்ணிச் சொம்ப எடுத்தாத்தான் என் தம்பி பேசுறான், வேற எதுக்கும் பேச மாட்டேங்குறான். திதி குடுத்தப்ப பேசல, படத்துக்கு மால போட்டப்ப பேசல. ஊத்தாதங்குறான், நான் ஊத்துறேன், அவன் ஊத்தாதங்கணும்கிறதுக்காகவே ஊத்துறேன். செடிக்கு ஆவாதுன்னு தெரிஞ்சே ஊத்துறேன். தெனம் குருத்தப் புடிச்சு லேசா இழுத்துப் பாப்பேன், வேரு இருக்கான்னு. இருந்த வேரும் இழுத்தே அந்துருக்கும். அந்தப் பொண்ணையும் தெனம் கேட்டுக்கிட்டே இருப்பேன், மதி சாப்டியா மதி, மதி தூங்குனியா, மதி ஏன் ஒரு மாதிரி இருக்க, ஒரு நாளைக்கு எத்தன வாட்டின்னு எனக்கே கணக்குத் தெரியாது. நடுவுல சொம்பு காணாமப் போவ ஆரம்பிச்சுச்சு. ஒரு நாளு பிரிட்ஜு மேல இருக்கும், ஒரு நாளு அரிசி டின்னுக்குப் பின்னாடி. செம்பகத்தக் கேட்டேன், நான் எதுக்குங்க ஒங்க சொம்பத் தூக்குறேன்னா. அப்ப அவன்தான்னு நெனைச்சுக்கிட்டேன். மதியக் கேக்கல. ஏன் கேக்கலன்னா, கேட்டு அவ ஆமான்னுட்டா, அப்புறம் அவன் இல்லன்னு ஆயிரும்ல. சொம்பு இல்லன்னா என்ன, கையால அள்ளி ஊத்துனேன்.

கவுத்தாச்சு. மண்ணு கட்டியா பேப்பர்ல எறங்குச்சு, செடி அதுலேருந்து தனியா என் கைக்கு வந்துச்சு, மூடி கழண்டு வர்ற மாதிரி, வேரே இல்லாம. ஒரு வேரு கெடையாது. அடியில காப்பிப்பொடி நெறத்துல கூழு. வாட குப்புன்னு வருது. கஸ்தூரி முந்தானைய மூக்குல வச்சுக்கிட்டு, "ஐய, என்னண்ணே இது, செத்துப் போச்சா"ங்குறா. "யாரு செத்தா, நீ துக்கச் செய்திய என்கிட்ட விட்டுரு, அது என் லைனு"ன்னு சொல்றேன், சிரிக்கிறாங்க. அடி எலையப் புடிச்சு இழுத்தேன், நூலு மாதிரி வந்துச்சு. அடுத்தது. அதுவும் கொழகொழ. அழுவுன எலைய விட்டா மேலயும் ஏறும், எல்லாத்தையும் உரிச்சுறணும், அதுவும் அவன் சொன்னதுதான், நல்ல எடம் வர்ற வரைக்கும் உரிக்கணும்ணே. நல்ல எடம்னு ஒண்ணு இருக்கான்னு யாருக்குத் தெரியும். "வெங்காயம் உரிக்கிற மாதிரியே உரிக்கிறீங்களே, கடைசியில ஒண்ணும் மிஞ்சாது போல"ன்னு செம்பகம் மெதுவாச் சொன்னா. அவ வேணும்னு சொல்லல. எனக்கு அது காதுல ஊசி எறங்குன மாதிரி எறங்குச்சு. பேப்பர் மேல எல குமிஞ்சிக்கிட்டே போவுது, கையில இருக்குறது சின்னதாயிட்டே போவுது. உள்ளங்கை அளவு இருந்தது எலுமிச்சம்பழம் அளவு. எலுமிச்சம்பழம் நெல்லிக்கா அளவு. இன்னும் ஒரு சுத்து பழுப்பு. நான் பேசிக்கிட்டே இருக்கேன், நர்சரிக்காரன் கொரல்ல ஒண்ணு, பஸ் கண்டக்டர் கொரல்ல ஒண்ணு, என்ன பேசுறேன்னு எனக்கே காதுல விழல, கட்டை வெரலு மட்டும் உரிக்குது. தயாளா, இப்ப ஒரு வார்த்த பேசேன்டா. ஊத்தாதன்ன, ஊத்துனேன், தப்புதான், அதுக்கு மேல என்ன செய்யணும்னு சொல்லித் தொலையேன். பேச மாட்டேங்குறான். கையில சொம்பு இல்ல, பேச மாட்டான். அடுத்த எலையத் தொடுறேன், வழுக்கல. இழுக்குறேன், வரல. நகத்தால அழுத்துறேன், கெட்டியா இருக்கு. பிரஷ்ஷால அடியத் தொடச்சுப் பாத்தா வெள்ளையா, உரிச்ச பனங்கெழங்கு நுனி மாதிரி, ஒரு சின்ன வட்டம். பழுப்பு இல்ல. கோலிக்குண்டவிடக் கொஞ்சம் பெருசு, ஆறு எல, வெள்ளக் கோடு இன்னும் இருக்கு.

"ஒரு வாரம் நெழல்ல காய வைக்கணும் மதி, மண்ணுல வைக்காத, பேப்பர்ல சுத்தியே எடுத்துட்டுப் போ, அடி காஞ்சு தோலு கட்டுனப்புறம் காஞ்ச மண்ணு மேல சும்மா ஒக்கார வை. வேரு விட ஒரு மாசமோ ரெண்டு மாசமோ ஆவும், அது வரைக்கும்"ன்னு சொல்லிட்டு நிறுத்திட்டேன். அது வரைக்கும் என்ன. அது வரைக்கும் தண்ணி ஊத்தாத. அத எந்த வாயால சொல்றது. அந்த வார்த்தைய நான் வெளிய விட்டா பின்னாடியே நெசமும் சேந்து வந்துரும், ஒங்கப்பன் கடைசியா ஒன்னப் பத்தி ஒரு வார்த்த சொல்லலம்மா, இந்தச் செடியப் பத்தித்தான் சொன்னான், மிச்சமெல்லாம் ஒம் பெரியப்பன் கட்டி விட்டதுன்னு வந்துரும். முழுங்கிட்டேன். நியாயமா இப்பத்தான் சொல்லணும். இன்னும் மூணு மணி நேரங்கூட இல்ல பஸ்ஸுக்கு. ஓசூர்ல அந்த ஜன்னலில்லாத ரூமுல, ஏழு பொண்ணுங்க தூங்குறப்ப, அப்பா கடைசியா நம்மளத்தான சொன்னாருன்னு நெனைச்சுக்கிட்டுப் படுத்துருப்பா, அது நான் செஞ்சது, பொம்ம மாதிரி. குடுத்தனுப்புறதா, புடுங்கி வச்சுக்குறதா. புடுங்குனா என்ன மிஞ்சும் அவளுக்கு. ஆறு எல மிஞ்சும்.

கஸ்தூரிக்கு எங்கேருந்து வந்துச்சோ, ஆறு எலையப் பாத்ததும் அழ ஆரம்பிச்சுட்டா. மூக்கச் சிந்திக்கிட்டே, "அண்ணே, பொண்ணு ஊருக்குப் போவுது, தயாளன் சொன்னத ஒரு வாட்டி சொல்லிக் காட்டு, அவனே வந்து வழியனுப்புன மாதிரி இருக்கும்"ங்குறா. "ஆமா மச்சான், அந்த இருமலோட"ன்னு மாசிலாமணி. அந்த இருமலோட. வேண்டாம்னு சொல்லணும். வாயத் தொறக்கும்போது வேண்டாம்னு சொல்லத்தான் தொறந்தேன், கடவுளறிய. மதி எந்திரிச்சு வந்து எனக்கு எதிர்ல குத்துக்கால் போட்டு ஒக்காந்தா, கைய நீட்டுனா, நான் அந்த ஆறு எலைய அவ உள்ளங்கையில வச்சேன். அவ அதப் பாத்துக்கிட்டே இருக்கா. ரூமு முழுக்க சத்தம் இல்ல. பேசாம இருக்குறது எனக்கு ஆவாதுன்னு சொன்னேன்ல, இருமலு வந்துருச்சு. மூக்குல பாதி தொண்டையில பாதி. "அண்ணே. ஒன்ன நம்பித்தான் போறேன். மதியப் பாத்துக்கண்ணே." இன்னிக்கு மாதிரி என்னிக்கும் அது அமைஞ்சதில்ல. கஸ்தூரி கதறுறா. மாசிலாமணி கண்ணத் தொடைக்கிறான். செம்பகம் தலையக் குனிஞ்சுக்கிட்டா. எனக்கே அழுகை முட்டுது, என் தொண்டையிலேருந்து வந்த கொரலுக்கு நானே அழுவுறேன், இவ்ளோ அழுகைக்கு நடுவுல அவ ஒருத்திதான் காஞ்ச கண்ணோட, பேப்பர்ல ஒரு துண்டக் கிழிச்சு அந்தக் குருத்த மடிச்சு சட்டப் பையில வச்சுக்கிட்டு, என்னைய நிமிந்து பாத்தா. அப்பன மாதிரியே ஒதடு ஒரு பக்கமா போச்சு.

"அப்பா என்னைய மதின்னு ஒரு நாளும் கூப்புட்டதில்ல பெரியப்பா. பேரே சொல்ல மாட்டாரு. பேசாம வந்து பக்கத்துல நிப்பாரு, நான் திரும்பிப் பாப்பேன், அவ்ளோதான். மதி மதின்னு நச்சரிக்கிறது நீங்க ஒருத்தருதான்."